எம்.ஏ. மியூசிக்: சேரலாமா, வேண்டாமா? வாசகர் கேள்வி பதில்

டிகிரி ரிசல்ட் வர்ற நேரம், இசையில மேல்படிப்பு பத்தி கேள்வி இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதத்துல பாதிப் பேர் சேர முடியுமான்னும் மீதிப் பேர் சேர்ந்தா என்ன கிடைக்கும்னும் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். ஃபீஸ், கடைசி தேதி எல்லாம் அந்தந்த யுனிவர்சிட்டி வெப்சைட்ல பாத்துக்கங்க, நான் எழுதி இது அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள அது மாறிடும்.

பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முடிக்கப் போறேன் மேடம். சின்ன வயசுலேர்ந்து பாட்டு கத்துக்கறேன். எம்.ஏ. மியூசிக் சேர ஆசை. பி.ஏ. மியூசிக் படிச்சவங்களுக்குத்தான் சீட்டுன்னு ஃப்ரெண்ட் சொல்றா. நிஜமா? – வாசகி, கும்பகோணம்

பாதி நிஜம்மா. சில யுனிவர்சிட்டி இசையில இளங்கலை முடிச்சவங்களை மட்டும்தான் எடுக்கும். சில இடத்துல எந்த டிகிரியா இருந்தாலும் சரி, கூட இசையில ஒரு டிப்ளமோவோ ஆல் இந்தியா ரேடியோ ஆடிஷன்ல வாங்கின கிரேடோ அரசுத் தேர்வுல ஹையர் கிரேடோ இருக்கான்னு கேப்பாங்க, இன்னும் சில இடத்துல பாடிக் காட்டினாலே போதும். அதனால ப்ராஸ்பெக்டஸ்ல தகுதின்னு போட்டிருக்கற பத்தியை கடைசி வரி வரைக்கும் படி, நடுவுல "அல்லது"ன்னு ஒண்ணு வரும், உன் சீட்டு பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான் இருக்கும்.

எங்கெங்கன்னு கேட்டா, சென்னைப் பல்கலைக்கழகத்துல இந்திய இசைத்துறை 1932லேர்ந்து இருக்கு, பேராசிரியர் சாம்பமூர்த்தி வளத்த துறை. அதே மெரினா ரோட்டுல ராணி மேரி கல்லூரி, பெண்களுக்கு மட்டும். சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929ல ஆரம்பிச்ச இசைக்கல்லூரிதான் அங்க வேர், டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் மாதிரி ஆளுங்க தலைமைப் பொறுப்புல இருந்த இடம். அப்புறம் 2013ல வந்த தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக்கல்லூரி எல்லாம் இப்ப அது கீழதான். திருச்சியில கலைக்காவிரி இருக்கு, கொடைக்கானல்ல அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கு. நீ கும்பகோணம்ங்கறதால சென்னைக்கு ஓடறதுக்கு முன்னாடி சிதம்பரத்தையும் திருச்சியையும் ஒருதரம் நேர்ல போய் பாத்துட்டு வா, ஹாஸ்டல் செலவே பாதியா குறையும்.

செலக்ஷன்ல என்ன கேப்பாங்கன்னு நீ கேக்கல, ஆனா அதான் முக்கியம். சுருதி சேருதா, தாளம் நிக்குதாங்கறது உள்ள போன ரெண்டாவது நிமிஷமே எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். பொதுவா ஒரு வர்ணத்தை ரெண்டு காலத்துல, அதாவது ரெண்டு வேகத்துல பாடச் சொல்வாங்க, ஒரு கீர்த்தனை, கொஞ்சம் ஆலாபனை, நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கற்பனையா ஸ்வரம் பாடறது, அவங்க பாடற ராகம் என்னன்னு கண்டுபிடிக்கறது, சில சமயம் பாக்காத ஒரு நொட்டேஷனைக் குடுத்து பாடிக் காட்டச் சொல்றது. இதுல பிள்ளைங்க பண்ற வேலை என்னன்னா, பெரிய ராகம் பாடினா பெரிய மார்க்குன்னு நினைச்சு தோடியை எடுத்துட்டு பாதியில திண்டாடறது. உனக்கு மோகனம்தான் சுத்தமா வருமா, மோகனமே பாடு. அந்த நொட்டேஷன் விஷயத்தை மட்டும் இப்பவே பழகு, வாயால கத்துக்கிட்ட பிள்ளைங்க நிறைய பேர் அங்கதான் முழிக்கறாங்க.

உள்ள போனப்புறம் தியரிதான் பயமுறுத்தும். சார்ங்கதேவரோட சங்கீத ரத்னாகரம், வேங்கடமகியோட சதுர்தண்டிப் பிரகாசிகை, 72 மேளம்ங்கற தாய் ராகங்கள், சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதுக்கு அடியார்க்குநல்லார் எழுதின உரையும், தேவாரத்தோட பழைய தமிழ் ராகங்களான பண்கள்னு வரிசையா வரும். ஆனா அகௌஸ்டிக்ஸ்னு ஒலியைப் பத்தின ஒரு பகுதி இருக்கு பாரு, தந்தி நீளம், அதிர்வெண், தம்பூராவுல தந்திக்கு அடியில ஜவ்வாரி நூல் வச்சதும் நாதம் ஏன் விரியுது, இதெல்லாம். கிளாஸே கலங்கி நிக்கற அந்த இடத்துல ஃபிசிக்ஸ் படிச்ச நீ ஜாலியா உக்காந்திருப்ப. தைரியமா அப்ளை பண்ணு.

என் மகள் பி.ஏ. மியூசிக் முடித்துவிட்டாள், எம்.ஏ.வும் படிக்கிறேன் என்கிறாள். வேலை கிடைக்குமா என்பதுதான் என் கவலை. மழுப்பாமல் சொல்லவும். – ஒரு தந்தை, விருதுநகர்

மழுப்பல சார். எம்.ஏ. மியூசிக் முடிச்ச உடனே ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வர்ற படிப்பு இது இல்ல. ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைதான் நோக்கம்னா எம்.ஏ.வே தேவையில்லாம போகலாம், கேந்திரிய வித்யாலயாவுல பிரைமரி மியூசிக் டீச்சர் போஸ்ட்டுக்கு பிளஸ் டூவும் இசையில இளங்கலைப் பட்டமும்தான் கேக்கறாங்க, அது உங்க பொண்ணுகிட்ட இப்பவே இருக்கு. பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர் வேலைகள் இருக்கு, சம்பளம் ஸ்கூலுக்கு ஸ்கூல் வித்தியாசப்படும், சில இடத்துல ஆண்டுவிழா டான்ஸுக்கு பாட்டு போடற ஆளாத்தான் வச்சிருப்பாங்க, அதையும் தெரிஞ்சுக்கிட்டே போகணும்.

எம்.ஏ.வுக்கு நிஜமான மதிப்பு காலேஜ்ல பாடம் எடுக்கறதுக்குத்தான். அதுக்கு நெட்னு ஒரு தகுதித் தேர்வு எழுதணும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட்ல மியூசிக் தனி சப்ஜெக்ட், கோடு 16. எம்.ஏ.வுல 55 சதவீதம் வேணும், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50. முதல் பேப்பர் எல்லாருக்கும் பொது, 50 கேள்வி, ரெண்டாவது மியூசிக், 100 கேள்வி, மொத்தம் 300 மார்க், மூணு மணி நேரம், தப்புக்கு மைனஸ் கிடையாது. மார்க் நல்லா வந்து ஜே.ஆர்.எஃப்.ங்கற இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப் கிடைச்சுட்டா பிஎச்.டி. பண்ற காலத்துல மாசம் 37,000 ரூபா உதவித்தொகை வரும், சங்கீதத்துல அவ்ளோ நிலையான வருமானம் மேடை ஏறற பல பேருக்கே கிடையாது. ஆனா நம்ம பிள்ளைங்க முதல் பேப்பரைத்தான் கோட்டை விடறாங்க சார், அதுல கணக்கும் லாஜிக்கும் டேட்டா பாத்து பதில் சொல்றதும் வரும், ராகம் தெரிஞ்சா போதும்னு போனா முடியாது. எம்.ஏ. முதல் வருஷத்துலயே அதுக்கு தினம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்க.

வீட்டுல டியூஷன், ஆன்லைன்ல வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு கிளாஸ், இதுலதான் பல பேருக்கு வண்டி ஓடுது. அதுக்கு எம்.ஏ. கட்டாயம் இல்ல, ஆனா போட்டிருந்தா பெத்தவங்க நம்பி சேக்கறாங்க. ரெண்டு வருஷ செலவு உங்களுக்கு கடன் வாங்காம முடியும்னா படிக்க வைங்க. கடன் வாங்கித்தான்னா முதல்ல வேலை, அப்புறம் படிப்பு.

நான் மிருதங்கம். கச்சேரி வாசிக்கறேன், சின்னச் சின்ன சபாதான். எம்.ஏ. போட்டா பெரிய சபா சான்ஸ் வருமா? இல்லேன்னா இப்ப படிக்கற பி.காமை பாதியில விட்டுடப் போறேன். – வாசகர், திருநெல்வேலி

வராது தம்பி. எந்த சபா செக்ரட்டரியும் உன் மார்க் ஷீட்டைப் பாத்து கூப்பிட மாட்டார். நீ வாசிச்சதைக் கேட்ட பாடகர் "அந்தப் பையனைப் போடுங்க"ன்னு சொல்லணும், அவ்ளோதான் அந்த உலகம். அதுக்கு உனக்கு உடனடியா வேண்டியது ரேடியோ ஆடிஷன், பி கிரேடுல ஆரம்பிச்சு பி ஹை, ஏ, ஏ டாப்னு போகும்.

இன்னொண்ணு சொல்றேன், நிறைய பேருக்கு இது தெரியாது. காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொஃபசர் ஆக இசை, நடனம் மாதிரி கலைத்துறைகளுக்கு யுஜிசி 2018 விதிமுறையில இன்னொரு கதவு வச்சிருக்கு. பேர் பெற்ற குருகிட்ட கத்துக்கிட்டு, ரேடியோவுலயோ டிவியிலயோ ஏ கிரேடு வாங்கி, தொழில்ல நல்லா சாதிச்ச கலைஞனா இருந்து, ஒரு இளங்கலைப் பட்டமும், பாடத்தை விளக்கிச் சொல்லித்தர்ற திறமையும் இருந்தா அந்த வழியில போகலாம். அதனால நீ பி.காமை பாதியில விட்டுடப் போறேன்னு கடைசியில எழுதியிருக்கியே, அதை மட்டும் செய்யாத. மிருதங்கத்துலயே முதுகலை வேணும்னு தோணினா திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியையும் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியையும் பாரு, உனக்கு சென்னையை விட திருவனந்தபுரம் பக்கம்.

யுனிவர்சிட்டிக்குப் போனா பாணி கெட்டுப்போயிடும்னு என் குரு சொல்றார். அவர் பேச்சை மீற மனசு வரல, படிக்கவும் ஆசையா இருக்கு. – பெயர் வேண்டாம், சென்னை

உங்க குரு சொல்றதுல நியாயம் இருக்கு. கிளாஸ்ல பத்து பதினஞ்சு பேர், ஒவ்வொருத்தரும் ஒரு பாடாந்தரம், அதாவது குரு வழியா வந்த பாட்டு முறை, டீச்சர் எல்லாருக்கும் பொதுவா ஒரு நொட்டேஷனை போர்டுல எழுதுவாங்க, அதுல உங்க குரு பத்து நாள் உக்கார வச்சு சொல்லிக் குடுத்த ஒரு ராகப் பிடி காணாம போயிடும். அதனால பாட்டை அங்க கத்துக்கப் போகாதீங்க. பாட்டு குருகிட்ட, படிப்பு யுனிவர்சிட்டியில. பரீட்சைக்கு அவங்க பாடத்தைப் பாடுங்க, மேடையில உங்க பாடத்தைப் பாடுங்க, இதுல துரோகம் ஒண்ணும் இல்ல.

அப்படிச் செஞ்ச பெரியவங்களும் இருக்காங்க. வீணை தனம்மாளோட பேரன் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன், அவரை விட பாணி காப்பாத்தின ஆள் யாரு, அவர் அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டியில ராக ஆலாபனையைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினார். எஸ். ராமநாதன் அதே வெஸ்லியன்ல சிலப்பதிகார இசையை எடுத்து பிஎச்.டி. முடிச்சார், அவர் பாட்டைக் கேட்டவங்க யாரும் அது கெட்டுப்போச்சுன்னு சொன்னதில்ல. இந்த ரெண்டு பேரையும் உங்க குருகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லிப் பாருங்க. சேர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட போய் நமஸ்காரம் பண்ணிட்டு, வாரத்துல எந்த நாள் கிளாஸுக்கு வரட்டும்னு அவரையே கேளுங்க. பாதி கோபம் அதுலயே போயிடும்.

எம்.ஏ. ரெண்டாம் வருஷம். டிசர்டேஷனுக்கு "தியாகராஜரின் வாழ்வும் கீர்த்தனைகளும்"னு தலைப்பு எடுக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா மேடம்? – மாணவி, மதுரை

வேண்டாம்மா. அது ஒரு ஆயுசுக்கான தலைப்பு, உனக்கு இருக்கறது ஒரு செமஸ்டர். இந்தத் தலைப்புல எத்தனை ஆய்வேடு லைப்ரரியில தூசி தட்டிக்கிட்டு இருக்குன்னு போய் பாரு. முதல் அத்தியாயம் வாழ்க்கை வரலாறு, ரெண்டாவது முத்திரை (பாட்டுக்குள்ள வர்ற அவர் அடையாளச் சொல்), மூணாவது ராகப் பட்டியல், முடிவுரையில "இவ்வாறாக". படிக்கற எக்ஸாமினருக்கும் தூக்கம், எழுதற உனக்கும் ஒண்ணும் கிடைக்காது.

சின்னதா எடு. சுப்பராம தீட்சிதர் 1904ல எட்டயபுரத்துலேர்ந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் கமகக் குறியோட, அதாவது ஸ்வரத்தை எப்படி அசைக்கணும்ங்கற குறியோட இருக்கு இல்லையா, அதுல ஒரே ஒரு கிருதியை எடுத்துக்க. அந்த நொட்டேஷனை அப்படியே பாடிப் பழகு. இன்னிக்கு அதையே மூணு பேர் பாடின ரெக்கார்டிங் எடுத்து வரிக்கு வரி பக்கத்துல பக்கத்துல எழுதி வை, எங்க மாறியிருக்கு, கமகம் கூடியிருக்கா குறைஞ்சிருக்கா, ராகமே வேற பக்கம் சாய்ஞ்சிருக்கான்னு பாரு. நாற்பது பக்கத்துல நீ எழுதறது வேற யாரும் எழுதாததா இருக்கும்.

உனக்கு மதுரை. கோயில்ல ஓதுவார் பாடறதை தினம் கேக்கலாம், இதை விட்டுட்டு எங்கயோ தேடறீங்க. தேவாரத்துல சாதாரிப் பண்ணை இப்ப பந்துவராளியில பாடறாங்க, கௌசிகத்தை பைரவியில, தக்கேசியை காம்போதியில, மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில. ஒரே சாதாரிப் பதிகத்தை ரெண்டு மூணு ஓதுவார்கள் பாடக் கேட்டு அனுமதி வாங்கிப் பதிவு பண்ணு. ஒருத்தர் கச்சேரிப் பந்துவராளி மாதிரி இழைப்பார், இன்னொருத்தர் அந்தப் பக்கமே போகாம நேரா சொல்லுவார். அது யார்கிட்ட பாடம் கேட்டதால வந்த வித்தியாசம்னு விசாரிச்சு எழுதினா அதுவே முழு ஆய்வு. இல்லேன்னா நாகஸ்வரம் எடு, சுவாமி புறப்பாட்டுல கம்பீர நாட்டையில மல்லாரி வாசிக்கறாங்களே, எந்த வீதியில எதை வாசிக்கறாங்கன்னு ஒரு திருவிழா முழுக்க கூடவே நடந்து குறிச்சு வை.

புத்தகம் பாக்கணும்னா தஞ்சாவூர் சரஸ்வதி மகால்ல சுவடி இருக்கு, சென்னையில ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கு, மியூசிக் அகாடமி லைப்ரரி இருக்கு. மார்கழியில அகாடமியில காலையில நடக்கற லெக்-டெம்முக்கு (பாடிக் காட்டி விளக்கற பேச்சு) ஒரு வாரமாவது போய் உக்காரு, கேள்வி எப்படிக் கேக்கறாங்கன்னு பாரு. ஆபிரகாம் பண்டிதரோட கருணாமிர்த சாகரம், 1917ல வந்தது, அதையும் விபுலானந்தரோட யாழ் நூல், 1947, அதையும் முழுக்க படிக்க வேண்டாம், ஆனா பொருளடக்கமாவது புரட்டு. பண்டிதர் தொழிலால சித்த வைத்தியர், சொந்தக் காசைப் போட்டு தஞ்சாவூர்ல இசை மாநாடு நடத்தி ஒரு ஸ்தாயியில சுருதி எத்தனைன்னு வித்வான்களோட மல்லுக்கட்டினவர். நம்ம ஆராய்ச்சிக்கு அந்த வேகம் கொஞ்சமாவது வேணும், அது இருந்தா தலைப்பு தானா வரும்.

ஒரு வேண்டுகோள். இன்டர்நெட்லேர்ந்து எடுத்து ஒட்டாத. இப்ப எல்லா யுனிவர்சிட்டியிலயும் காப்பி செக் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு.

எனக்கு வயசு 44. பிள்ளைகள் காலேஜ் போயாச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி விட்ட வீணையை மறுபடி எடுத்து அஞ்சாறு வருஷமாச்சு. எம்.ஏ. சேர வயசு தடையா? தபால்ல படிக்கலாமா? – இல்லத்தரசி, கோவை

முதுகலை சேர பொதுவா வயசு வரம்பு இல்லைங்க. தடை வயசுல இல்ல, அட்டெண்டன்ஸ்ல. ரெகுலர்ல சேர்ந்தா பொதுவா 75 சதவீதம் வருகை கேப்பாங்க, வீட்டுல யாருக்காவது உடம்பு முடியலேன்னா அது உடைஞ்சிடும், அதை முன்னாடியே வீட்டுல எல்லார்கிட்டயும் பேசி வச்சுக்கங்க. கூட உக்காந்திருக்கறது எல்லாம் உங்க பொண்ணு வயசுப் பிள்ளைங்களா இருக்கும், ஒரு வாரம் கூச்சமா இருக்கும், அப்புறம் அதுங்களே அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு நோட்ஸ் கேட்டு வரும்.

தபால் வழின்னா ஜாக்கிரதை. அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் அனுமதி இருக்கான்னு யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு வெப்சைட்ல பாத்துட்டுத்தான் பணம் கட்டணும், ஏஜென்ட் சொன்னார்னு கட்டாதீங்க. அனுமதி இருந்தாலும் பிராக்டிகல் எங்க, யார் முன்னாடி, எத்தனை நாள்னு கேளுங்க. வீணையைத் தபால்ல கத்துக்க முடியாது, அதுக்கு ஒரு டீச்சர் பக்கத்துல வேணும். மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாசம் 5,000 ரூபா ஸ்காலர்ஷிப் குடுக்குது, அது 18லேர்ந்து 25 வயசுக்குத்தான். ஆனா 40 தாண்டினவங்களுக்கு சீனியர் ஃபெலோஷிப்னு தனியா இருக்கு, அது நல்ல அனுபவமுள்ள கலைஞர்களுக்கானது, இப்போதைக்கு தெரிஞ்சு வச்சுக்கங்க.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசை படித்து முடித்தேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளும் எடுத்திருக்கிறேன். முதுகலைக்கு இந்தியா வர விருப்பம். எங்கே தொடங்குவது? – வாசகி, யாழ்ப்பாணம்

உங்க அடிப்படை நல்லாவே இருக்கு, அங்க சிலபஸ்ல வர்ற பண்ணிசையும் கர்நாடக இசையும் இங்க நேரா பொருந்தும். கொழும்புல இருக்கற இந்திய ஹைகமிஷன் வழியா ஐ.சி.சி.ஆர். (இந்திய கலாச்சார உறவுகள் கவுன்சில்) ஸ்காலர்ஷிப் வருஷா வருஷம் அறிவிப்பாங்க, அதுல முதுகலைக்கும் இடம் உண்டு, முதல் வேலையா அதைப் பாருங்க. ரெண்டாவது, நீங்க திரும்பிப் போய் அங்க வேலை பாக்கற எண்ணம்னா, சேரப்போற யுனிவர்சிட்டியோட பட்டத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏத்துக்குதான்னு எழுத்துல கேட்டு வாங்கி வச்சுட்டு விமானம் ஏறுங்க. ஆராய்ச்சின்னு வந்தா விபுலானந்தர் உங்க மண்ணுக்காரர், யாழ் நூலை எடுத்து வேலை பண்ண உங்களை விட உரிமை யாருக்கு இருக்கு.

பையன் நாகஸ்வரம், நாங்க பரம்பரையா வாசிக்கறவங்க. யுனிவர்சிட்டியில எல்லாம் பாட்டு, வீணைக்குத்தானே மரியாதை? – ஒரு வித்வான், மயிலாடுதுறை

உங்க கேள்வியில இருக்கற வருத்தம் புரியுதுங்க ஐயா, அது பொய்யும் இல்ல. சிலபஸ் போடற கமிட்டியில பாட்டுக்காரங்கதான் அதிகம் உக்காந்திருந்தாங்க, நாகஸ்வரமும் தவிலும் ரொம்ப காலம் டிப்ளமோ அளவுலயே நிறுத்தப்பட்டுச்சு. ஆனா சிதம்பரம் உங்களுக்குப் பக்கம், அண்ணாமலையில நாகஸ்வரம், தவிலுக்கு தனியா ஆசிரியர் வச்சு சொல்லித்தர்ற மரபு ரொம்ப வருஷமா இருக்கு. பையன் டென்த், பிளஸ் டூவை விடாம முடிக்கட்டும். முகூர்த்த சீசன்ல வாசிக்கப் போறேன்னு பரீட்சையை விட்ட பிள்ளைங்கதான் பின்னாடி கோயில் வேலைக்கோ இசைப்பள்ளி ஆசிரியர் வேலைக்கோ போகும்போது சர்டிபிகேட் இல்லாம நிக்கறாங்க, வாசிப்புல அவங்களை மிஞ்ச ஆள் இருக்காது, ஆனா ஃபார்ம்ல எழுத ஒண்ணும் இருக்காது.

எம்.ஏ. முடிச்சு எம்.ஃபில். சேரலாமா? – திருச்சி

யுஜிசி 2022 விதிமுறையில எம்.ஃபில்லை நிறுத்திட்டாங்க. யாராவது சேரச் சொன்னா பணம் கட்டாதீங்க. நேரா பிஎச்.டி.தான்.

நுழைவுத் தேர்வுக்கு போன்ல சுருதி ஆப் வச்சுக்கலாமா? – சேலம்

சுருதிப் பெட்டியாவே எடுத்துட்டுப் போங்க. போனை உள்ள விட மாட்டாங்க, விட்டாலும் நீங்க ஆலாபனை பண்ற நேரம் பார்த்துத்தான் வீட்டுலேர்ந்து கால் வரும். பேட்டரி புதுசா போட்டுக்கங்க, உங்க கட்டை, அதாவது நீங்க பாடற சுருதி என்னன்னு ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கங்க, பதட்டத்துல அரைக்கட்டை மேல வச்சுட்டு அனுபல்லவியில தவிக்கறவங்க வருஷத்துக்கு ரெண்டு பேராவது உண்டு.